பத்து டிகிரி

பன்னிரண்டு வருடங்களாகப் பிறர் சொல் கேட்டே பழகியது புனிதாவின் வலது கை. பிரிக்பீல்ட்ஸ் பல் கிளினிக்கில் டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் கருவி அவர் கையில் இருக்கும். அந்தக் கைதான் போன மாதம் விமானி உரிமத் தேர்வில் அவளைக் கவிழ்த்தது.

தெலுக் பங்லிமா காராங் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஓடுபாதையில்தான் தேர்வு. நீளம் போதாது. அதனால் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃப்ளாப்பைப் பத்து டிகிரி இறக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். குறைந்த வேகத்திலேயே அது விமானத்தைத் தூக்கிக் கொடுக்கும். மரங்களைத் தாண்டி, வேகமுள் அறுபதைக் கடந்த பிறகுதான் மடக்கலாம். முன்னதாக மடக்கினால் விமானம் தொய்ந்து இறங்கும். எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஆனால் சக்கரம் தரையை விட்டதுமே பக்கத்திலிருந்த தேர்வாளர் கிருபானந்தன், "ஃப்ளாப்ப எடுத்துடலாமே" என்றார்.

"சரி சார்."

கை ஃப்ளாப் லீவருக்குப் போய்விட்டது. அவருடைய உள்ளங்கை அதற்கு முன்பே லீவரை மூடியிருந்தது.

இறங்கிய பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: "இந்த பிளேன யாரும்மா ஓட்டுறா? நீயா, நானா?"

ஏமாற்றிவிட்டார் என்று ஒரு வாரம் மனதுக்குள்ளேயே பொருமினாள். பிறகு கிளினிக்கில், டாக்டர் கை நீட்டும்போதெல்லாம், முதலில் நோயாளியின் வாயைப் பார்த்துவிட்டே கருவியைக் கொடுத்தாள்.

"என்ன புனிதா, தூக்கமா?"

"பார்த்துட்டுத் தர்றேன் டாக்டர்."

இன்று மறுதேர்வு. பெல்ட்டை மாட்டிக்கொண்டே கிருபானந்தன் சொன்னார்: "செம்பனை மரமெல்லாம் உன்னை விசாரிச்சுச்சு."

அவள் சிரிக்கவில்லை. ஃப்ளாப் பத்து. முழு விசை. பிரேக்கை விட்டாள். ஓடுபாதை தீர்வதற்கு முன் விமானம் எழும்பியது.

"ஃப்ளாப்ப எடு."

"இன்னும் இல்ல சார். மரம் தாண்டல."

"இருபது வருஷமா ஓட்டுறேன்லா. எடுன்னா எடு."

எஞ்சின் விசைப்பிடியின் மேலிருந்த விரல்கள் தாமாகவே நெளிந்தன. அவள் அவற்றை அங்கேயே அழுத்திப் பிடித்தாள்.

"ஓட்டுறது நான் சார். அறுபது வரட்டும்."

எஞ்சின் இரைந்தது. முள் ஐம்பத்தாறிலேயே நின்றது. செம்பனை ஓலைகள் எதிரே பெரிதாகி, மெல்லச் சரிந்து, வயிற்றுக்குக் கீழே போயின. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினாள். ஐம்பத்தெட்டு. அறுபது. அறுபத்து நான்கு. கீழே ஒருமுறை பார்த்துக்கொண்டாள், மரம் இல்லை.

இப்போது கையை லீவருக்குக் கொண்டுபோனாள். அவருடைய உள்ளங்கை தட்டுப்படும் என்று நினைத்தாள்.

லீவர் மேல் யார் கையும் இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்துக் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

புனிதா லீவரை மேலே தள்ளினாள். விமானம் தொய்யவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது.