மூன்றாவது பூச்சு

ஒன்பதாவது கதவின் விளிம்பில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாள். சுட்டுவிரல் இல்லை, மோதிர விரல். அதிகம் வேலை செய்யாத விரலுக்குத்தான் ருசி தெரியும் என்பாள்.

"மூணு கோட்டிங் ஆச்சா?"

"ஆச்சுக்கா."

ஆகவில்லை. எட்டுக் கதவுகளுக்கு மூன்று; ஒன்பதாவதற்கு இரண்டுதான்.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் அவை. முகம் வழவழவென்று இருக்கும், விளிம்பு மட்டும் பஞ்சு. அதற்கு அடிக்கும் சீலரின் முதல் பூச்சை முழுக்கக் குடித்துவிடும், இரண்டாவதில் பாதியைக் குடிக்கும். மூன்றாவதுதான் மேலே நிற்கும். ஒவ்வொன்றும் காய ஒரு மணி நேரம். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பெயிண்ட். ஒன்றைத் தாண்டினால், கதவு மாட்டிய சில மாதங்களில் விளிம்பு சொரசொரத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

தங்கைக்கு இது பதினோரு வருடமாகத் தெரியும். ஆனால் போன் கண்ணாடி உடைந்து நான்கு நாளாகியிருந்தது. ரிப்பேர் கடை ஆறு மணிக்கு மூடிவிடும். இப்போதே நாலே முக்கால்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "பையைத் தூக்கிட்டே நிக்கறியே, பஸ்ஸா வந்துடுச்சு?"

"போன் கண்ணாடி மாத்தணும்கா. விரலைக் கிழிக்குது."

"உடைஞ்ச கண்ணாடியிலயே உனக்கு ஊர் உலகமெல்லாம் தெரியுதே. சரி, போ. ப்ரஷ்ஷைக் கழுவிட்டுப் போ. போன தடவை மாதிரி கட்டையாக்கி வைக்காத."

தங்கை ப்ரஷ்ஷைக் கழுவி ஆணியில் மாட்டினாள். வாசலில் திரும்பிப் பார்த்தபோது அக்கா இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா?"

"காலைலேர்ந்து கதவு தூக்கின தோள் வலிக்காம பாட்டா பாடும்? போடி."

ரிப்பேர் கடையில் போன் வயிறு திறந்து மேசைமேல் கிடந்தது. கடைக்காரன் நிதானமான ஆள். புதுக் கண்ணாடியைப் பொருத்தி, ஓரத்தை விரலால் அழுத்தி, உயிர் கொடுத்துக் கையில் தந்தான். முதலில் வந்தது, அணைந்திருந்தபோது வந்த அழைப்புகளைச் சொல்லும் மெசேஜ், பதினொன்று. எல்லாம் தச்சருடையவை. கதவுகளை அறுத்துக் கொடுப்பவர் அவர்தான். திருப்பி அழைத்தாள்.

"சின்னம்மா, பட்டறைக்குக் கொஞ்சம் வாங்க," என்றார் தச்சர்.

"அக்காகிட்ட போனைக் குடுங்கண்ணே."

அவர் கொடுக்கவில்லை.

உயிர் போனது ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் இருக்கும், இதயம், என்றார் மருத்துவர்.

"கூட யாராவது இருந்திருந்தா?" என்று தங்கை கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா," என்றார் அவர் எழுதிக்கொண்டே.

கீல் கொடுக்க வந்த தச்சர்தான் பார்த்திருக்கிறார். அக்கா முக்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாளாம். "தூங்கறாங்கன்னு நெனைச்சேன். ஜட்ஜம்மா, கோர்ட்டு லீவான்னு கிண்டல் வேற பண்ணினேன்." ஒவ்வொரு பலகையையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதால் அக்காவுக்கு அவர் வைத்த பெயர் அது. வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் கையைப் பிசைந்தார்.

சவப்பெட்டியும் அவர் செய்ததுதான். மூடுவதற்கு முன் தங்கையின் கை தானாக அதன் விளிம்புக்குப் போயிற்று.

"தொட்டுப் பாக்காதீங்க," என்றார் தச்சர் மெதுவாக. "அவசரத்துல செஞ்சது. அவங்களா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பாங்க."

"அனுப்பியிருப்பா," என்றாள் தங்கை. பக்கத்தில் நின்ற தங்கையின் கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

ஆறாம் நாள் தச்சர் வந்தார். கதவு செய்யக் கொடுத்தவர்கள் புது வீட்டுக்குக் குடிவரும் நாள் நெருங்கிவிட்டது. வேறு ஆளிடம் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

"வேணாம்ணே. நானே முடிக்கறேன்."

பட்டறை விட்டபடியே இருந்தது. முக்காலியை யாரோ ஓரமாக நகர்த்தியிருந்தார்கள். எட்டுக் கதவுகள் சுவரோரம் சாய்ந்து நிற்க, ஒன்பதாவது மட்டும் மேசைமேல் படுத்திருந்தது. ஆணியில் ப்ரஷ் இல்லை. அது விளிம்புக்கு அடிக்கும் சீலர் டப்பாவில் நின்றது. பிடித்து இழுத்தால் டப்பாவும் கூடவே வந்தது.

அவள் கழுவி மாட்டிய ப்ரஷ்.

கொஞ்ச நேரம் டப்பாவைக் கையில் பிடித்திருந்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, மோதிர விரலை ஒன்பதாவது கதவின் மேல் மூலையில் வைத்து இழுத்தாள். வழவழப்பு. நீளப் பக்கத்தில் இறங்கினாள். வழவழப்பு. பாதிக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன மேடு, நூல் கனம்தான். அதைத் தாண்டியதும் சொரசொரப்பு.

கண்ணைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மூடினால் விரலுக்குத் தெரிந்தது. மூன்றாவது பூச்சு அந்த மேடு வரை வந்திருந்தது.

பூச்சு நின்ற இடத்தைத் தேய்க்காமல் அதன் மேல் தொடங்கினால் பெயிண்டுக்குள் கோடு தெரியும். அது அக்காவின் கண்டிப்பு. தங்கை உப்புத்தாளை மடித்தாள். மேட்டில் வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். தூளை ஊதாமல் துணியால் துடைத்தாள். பழைய டப்பாவைத் தொடவில்லை. புதிதாக ஒன்றைத் திறந்து, புது ப்ரஷ்ஷில், மேடு இருந்த இடத்திலிருந்து கீழ் மூலை வரை, பிறகு மற்ற மூன்று பக்கமும் அடித்தாள். ப்ரஷ்ஷைக் கழுவி ஆணியில் மாட்டினாள்.

தச்சர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "எடுத்துக்கலாமா சின்னம்மா? எட்டு எடுத்துட்டுப் போயி பெயிண்டுக்கு வெச்சுட்டா, இந்த ஒண்ணு அப்புறம் வரட்டும்."

"ஒண்ணாவே எடுத்துக்குங்க."

அவர் மேசைக்கு அருகில் குனிந்தார். "காஞ்ச மாதிரிதான் இருக்கு."

"காயலண்ணே. ஒரு மணி நேரம் ஆகும்."

"நீங்க வேணா வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன். நான் பாத்துக்கறேன்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். முக்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையில் போன் அடித்து ஓய்ந்தது. தச்சர் வெளியே போய் வண்டியில் சாய்ந்து நின்றார்.

மூன்றாவது பூச்சு காய ஒரு மணி நேரம் ஆயிற்று.