இடது பக்க முன் டயர்

"தேஞ்சுபோன டயரு, எரிச்சா இன்னாபா கொறஞ்சிடும்? கலைவாணன் வாயத் தொறந்து கேக்கறான்—"

"கைய எடுங்கக்கா, அது தேஞ்சது இல்ல, ஒரு ஓரந்தான்—"

"—ஈர வெறகு, பத்தாதுன்றான், நீ இன்னாடான்னா—"

"—ஒரு ஓரந்தான் போயிருக்குது! இன்னும் ஒரு நாள் ஓடும்க்கா!"

"யாரு ஓட்றது? உள்ள படுத்துக்கினு இருக்கானே, அவன் எழுந்து வந்து ஓட்டுவானா?"

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த துளசிக்கு ஜன்னல் வழியே அத்தனையும் கேட்டது. கட்டைக்குரல் நாத்தனார் அம்சாவுடையது. தம்பி செத்த துக்கத்தையும் அதிகாரமாகவே காட்டத் தெரிந்தவள். எதிர்க்குரல் யேசுதாஸ், செத்துப்போன குமரகுருவின் கூட்டாளி.

நேற்று சாயங்காலம் வாசலில் காரை ஜாக்கியில் ஏற்றி, நாலு சக்கரத்தையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "ஒரு காபி குடும்மா" என்று உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தவர்தான் குமரகுரு. துளசி டம்ளரோடு வந்தபோது குடிக்க ஆள் இல்லை.

ராத்திரி மழை கொட்டியதில் பாலாற்றங்கரைச் சுடுகாட்டு விறகெல்லாம் நனைந்துவிட்டது. அங்கே வேலை பார்க்கும் கலைவாணன் வந்து, நெருப்பு பிடிக்கப் பழைய டயர் ஏதாவது உண்டா என்று கேட்டான். மழை நாளில் கேட்பதுதான். சுவரோரத்தில் ஓரம் தேய்ந்து நின்ற டயர் ஒன்று அம்சாவின் கண்ணில் பட்டுவிட்டது.

மின்வாரிய வேலை முடிந்து ஓய்வு வந்ததும் குமரகுருவைப் பிடித்த பித்து இது. வெண்டைக்காய் வாங்கப் போகிற அதே காரை எடுத்துக்கொண்டு, சொந்தக் கார்க்காரர்களையும் ஓட்ட விடுகிற நாட்களில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போவார். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வருவார். வந்ததும் சண்டை தொடங்கும்.

"இன்னாங்க இது, டயர் பூரா என் கோலக்கட்டி?"

"ஓரத்துல கோடு போட்டுக்கினு போனேன்மா. வளைவுல டயர் எவ்ளோ சாயுதுன்னு, அது அழியறத வெச்சி கண்டுபுடிக்கலாம். ரொம்ப அழிஞ்சா காத்து பத்தலன்னு அர்த்தம்."

"எனக்கு வாசல்ல போட கட்டி பத்தல!"

ஒவ்வொரு தடவையும், "பக்கத்து சீட்டு காலியாவே போய்க்கினு வருது, வாயேன்" என்பார். குடல் வாய்க்கு வந்துவிடும், மாட்டேன் என்பாள். நேற்றுக் காலை மட்டும், காய் நறுக்க விடாமல் நச்சரித்ததில், "சரி, அடுத்த தடவ வரேன், ஆள விடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். "புது டயர் வாங்கறதுக்கு முன்னாடி இதுல ஒரு ஓட்டம் பாக்கி இருக்குது. அது ஒனக்கு!" சாயங்காலமே ஜாக்கியை எடுத்துவிட்டார்.

அந்த ஓட்டத்தைத்தான் இப்போது எரிக்கக் கேட்கிறார்கள்.

துளசி எழுந்தாள். பக்கத்தில் ஒப்பாரிக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் முந்தானையைப் பிடித்தாள். துளசி அதை உருவிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணி, அத விடுங்க."

"நீ ஏம்மா வெளிய வர? நாலு பேரு பாக்கறாங்க, உள்ள போ."

"பாக்கட்டும். அது இடது பக்கம் முன்னாடி இருந்தது. அந்த ட்ராக்குல முக்கால்வாசி வளைவு வலது பக்கமா திரும்பும். பாரம் பூரா இதுமேலதான் எறங்கும். அதான் வெளி ஓரம் போச்சு. உள்பக்கம் பாருங்க, பட்டன்லாம் அப்படியே இருக்குது."

அம்சாவின் கை டயரைவிட்டு நகரவில்லை. "இருந்துட்டுப் போவட்டும். அவனே போயிட்டான்..."

"இதுல ஒரு ஓட்டம் பாக்கி இருக்குது அண்ணி. அது என்னுது. வரேன்னு அவருகிட்ட சொல்லியிருக்கேன்."

பறையடிக்க வந்தவர்கள்கூடக் கையை நிறுத்தியிருந்தார்கள். தெருமுனையில், ஜாக்கியில் நிற்கும் காரைத் தாண்டி உள்ளே வர வழியில்லாமல் நின்ற சவ வண்டி மட்டும் ஒருமுறை ஹாரன் அடித்தது.

அம்சா கையை எடுத்தாள்.

"கலைவாணா, மாடியில தார்ப்பாய்க்கு அடியில காஞ்ச தென்னமட்ட கெடக்குது. அத்தனையும் எடுத்துக்கோ" என்றாள் துளசி.

"அது போதும்மா. டயர் பொகையில எங்களுக்குத்தான் கண்ணு போவும்."

யேசுதாஸ் டயரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார்.

"எங்க மாட்டப் போறீங்கண்ணா?"

"இருந்த எடத்துலயே..."

"அதுக்கா அவரு கழட்டினாரு? இது பின்னாடி வலது பக்கம் போவணும். அங்க வேல கம்மி. அங்க இருந்தது முன்னாடி வரணும்."

"அது எதுன்னு தெரியலையே தங்கச்சி. ஜனங்க வந்து எல்லாத்தையும் கலைச்சிட்டாங்க."

துளசி கண்ணை ஓட்டினாள். ஒன்றின்மேல் மாலைக்கூடை இருந்தது. ஒன்று பந்தல் காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"எங்க சித்தப்பா ஒண்ணுமேல உக்காந்து அழுதுக்கினு இருக்காரு பாருங்க, அதுதான். ஓரமே தேயல. அவர கொஞ்சம் எழுப்புங்க."

முதலில் பறைக்காரர் ஒருவர் சிரித்தார். அப்புறம் ஒருத்தரும் பாக்கியில்லை. சித்தப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தான் உட்கார்ந்திருந்ததைத் திரும்பிப் பார்த்து, அவரும் சிரித்தார்.

"காத்து எறக்கணுமா?" என்றார் யேசுதாஸ், நட்டை முறுக்கிக்கொண்டே.

"இப்ப வேணாம். அங்க போய் எறக்கினா போதும், ஓட ஓட சூடேறி தானா ஏறிக்கும். வீட்டுக்கு திரும்பும்போது மறக்காம அடிச்சுக்கணும்."

"காரியம் முடியட்டும் தங்கச்சி. நானே ஓட்டறேன்."

"மெதுவா ஓட்டுவியா?" என்றாள் அம்சா.

"மெதுவா ஓட்டறதுக்கா அக்கா அங்க போறது?"

ஜாக்கி இறங்கியது. ஆளுக்கொரு கை கொடுத்துக் காரை ஓரமாகத் தள்ளினார்கள். சவ வண்டி வாசலுக்கு வந்தது. அப்புறம் பறையும் பூவுமாகக் குமரகுரு போனார். ஓரிக்கை ரோடு திரும்பும் வரை சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வீட்டைக் கழுவிவிட்ட தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. தலைமுழுகிய ஈரத்தோடு துளசி கார்க் கதவில் சாய்ந்து நின்றாள். அம்சாவும் கூந்தலை முடிந்துகொண்டே வந்து பக்கத்தில் நின்றாள். குனிந்து கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள்.

"ஏம்மா துளசி, பின் சீட்டுல ஆள் ஏத்திக்க வுடுவாங்களா?"