காலி வானம்

கணிப்பொறி மறுபடியும் பூஜ்யத்துக்குக் கீழே ஓர் எண்ணைக் காட்டியது. அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கண்களை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். அழக்கூடத் தெம்பில்லாத அலுப்பு. வானியல் கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

அவள் தேடுவது, என்றோ வெடித்துச் செத்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்தை. கொதிக்கும் வாயு விரிந்து மங்கி, எக்ஸ் கதிரில் மட்டும் லேசாகத் தெரியலாம். அந்தக் கதிரைக் காற்று விழுங்கிவிடும் என்பதால் தொலைநோக்கி விண்வெளியில் சுற்றுகிறது. இவள் நாற்காலியில் தேய்கிறாள். கணவனையும் மகளையும் வேறு ஊரில் விட்டுவிட்டு, கண்டுபிடித்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லி வந்தவள். அப்போது மகளுக்குப் பால்பல்கூட விழவில்லை. இப்போது அவள் போனில் அம்மாவுக்கு அறிவுரை சொல்கிறாள்.

வேலை என்னவோ எளிதுதான். தேடும் இடத்தின் வெளிச்சத்திலிருந்து, பக்கத்தில் ஒன்றுமில்லாத வானத்தின் வெளிச்சத்தைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் சரக்கு. அந்தக் காலி வானத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் துறைத் தலைவர். கீழே வேலை செய்பவர்களின் விடுப்பையும் கழிப்பார், டீ குடிக்கும் நேரத்தையும் கழிப்பார் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் ‘கழித்தல் சார்’ என்று பெயர். ஆனால் வேலையில் அவர் சொன்னால் வேதவாக்கு. அவர் காட்டிய துண்டு நிஜமாகவே காலிதானா என்று ஒருத்தரும் பார்த்ததில்லை.

ஒன்றுமில்லாததைக் கழித்தால் கணக்கு ஏன் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது? கருவியின் பிழை என்று இத்தனை காலம் ஒதுக்கியாயிற்று. இன்று ஒதுக்கவும் சலித்துப்போய், காலி வானத்தையே எடுத்து, வேறொரு மூலை வானத்தை அதிலிருந்து கழித்துப் பார்த்தாள்.

திரையில் மங்கலாக ஒரு வளைவு. அக்கம்பக்கத்துத் துண்டுகளையும் சேர்க்கச் சேர்க்க, அது பெரிய வட்டமாக மூடிக்கொண்டது. இவள் தேடிய இடம் வட்டத்தின் இருண்ட நடுப்பகுதி. காலி வானம் என்றது அதன் ஒளிரும் விளிம்பு. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதை. தேடியதையே கழித்துக் கழித்துக் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

கழித்தல் சார் வந்து, நின்றபடியே வெகுநேரம் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. பிறகு ஒருவாறு தேறிக்கொண்டு பேசினார். பழைய முடிவுகள் அத்தனையையும் முதலிலிருந்து போட வேண்டும், தொலைநோக்கியில் புதிதாக நேரம் கேட்க வேண்டும், அவளை விட்டால் ஆளில்லை, பேரும் அவளுக்கே.

“இனிமேதாம்மா நிஜ வேலையே இருக்கு.”

“நீங்க பாத்துக்குங்க சார்” என்றாள் அவள். “கண்டுபிடிச்சதும் வர்றேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன். கண்டுபிடிச்சாச்சு.”

அவர் வாயெடுப்பதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மாடிப்படியில் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள். மகள்தான் எடுத்தாள். நாளைக்கே கிளம்பி வருவதாகவும், இனி திரும்பிப் போகப்போவதே இல்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள் அம்மா.

“சரிம்மா” என்றாள் மகள், அம்மா வருகிறேன் என்னும் ஒவ்வொரு முறையும் சொல்வதுபோலவே. “உடம்பைப் பாத்துக்கோ.”

மகளே போனை வைத்துவிட்டாள்.