தண்ணீரோடு இறங்கியவர்கள்

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று ஹஃப்ஸா காலையிலேயே போன் செய்து சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் அவர்களைக் காணவில்லை என்று யாரும் தேடாததற்கு அதுதான் காரணம்.

ஆல்ப்ஸ் மலையில் ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக, மலையேறுபவர்கள் தங்குவதற்குக் கல்வீடுகள் இருக்கின்றன. ரெஃபூஜ் என்பார்கள். படுக்கையும் போர்வையும் கிடைக்கும். இரவில் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பாட்டுக்குச் சொன்னவர் வரவில்லையென்றால், நடத்துபவர் முந்தைய வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பார். படுக்கை மட்டும் கேட்டவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வராமலும் போகலாம்.

அங்கே சமைக்கும் இறைச்சி ஹஃப்ஸாவுக்கு ஆகாது. சூப்பில் என்ன கிடக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் விசாரித்துக்கொண்டு நிற்கக் கூச்சம். அதனால் கிரெனோபிளில் தன் வீட்டிலேயே புளிச்சோறு கிண்டி, பெரிய எவர்சில்வர் சம்படத்தில் அடைத்து, இறால் ஊறுகாயோடு தூக்கி வந்திருந்தாள்.

"மூணு நாளைக்கு வரும்டி. கெட்டும் போவாது. இந்த மலையே ஃப்ரிட்ஜ்தானே" என்றாள்.

தாமரைச்செல்விக்கும் அது சரியென்றே பட்டது. அவள் நெடுங்காட்டுக்காரி. காரைக்கால் பக்கத்துப் பாசன வாய்க்கால்களைக் கவனிக்கும் இளநிலைப் பொறியாளர். ஹஃப்ஸா அவளுடைய கல்லூரித் தோழி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் ஆபித்தைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டவள். வா வா என்று அழைத்து அழைத்து, இந்த வருஷம்தான் தாமரைக்கு லீவு கிடைத்தது. மலைக்கு ஆபித்தும் வருவதாக இருந்தான். கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டது. வழி சொல்லும் வரைபடத்தை ஹஃப்ஸாவின் போனில் ஏற்றிக் கொடுத்து அனுப்பினான்.

அந்தப் போன் இரண்டாம் நாள் மதியம் கணவாயைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் அணைந்தது. உம்மாவுக்குக் காட்ட ஹஃப்ஸா காலை முழுக்க வீடியோ எடுத்திருந்தாள். மிச்சமிருந்த சார்ஜைக் குளிர் குடித்துவிட்டது. தாமரையின் போனில் சிக்னலே இல்லை. அப்போது அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டியிருக்கும், அதைப் பார்த்தே நடக்கலாம். செப்டம்பர் கடைசி என்பதால் வழியில் ஆட்கள் யாரும் இல்லை.

பிறகு மேகம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உடைந்த கற்கள் பரவிக் கிடந்த சரிவில் பாதை எது, கல் எது என்று புரியவில்லை. கடைசியாகப் பார்த்த பட்டைக்குத் திரும்பலாம் என்று நடந்தார்கள். அதுவும் கிடைக்கவில்லை.

"இஞ்சயே உக்காருவோம்டி. மேகம் போவட்டும்" என்றாள் ஹஃப்ஸா.

"எப்ப போவும்?"

"நான் என்னா மேகத்துக்குச் சொந்தக்காரியா?"

தாமரைக்குக் கீழேயிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம், ஆனால் நிச்சயமாகத் தண்ணீர். 

"தண்ணியப் புடிச்சுப் போவோம். தண்ணி போற எடத்துல ஊரு இருக்கும். நம்ம பக்கம் எந்த வாய்க்கால் கரையில நடந்தாலும் கொஞ்ச நேரத்துல ஒரு டீக்கடை வந்துரும்ல?"

"எனக்கு ரெண்டு போண்டா சொல்லு" என்றாள் ஹஃப்ஸா. பிறகு, "நீ தண்ணி தொறந்து வுடுற ஆளு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்துவிட்டாள்.

இறங்கினார்கள். கைப்பிடியளவு ஓடை, போகப்போகப் பெருத்தது. இடமிருந்தும் வலமிருந்தும் வேறு ஓடைகள் வந்து சேர்ந்துகொண்டன. சரிவு செங்குத்தானது. சில இடங்களில் உட்கார்ந்து வழுக்கித்தான் இறங்க முடிந்தது. தண்ணீரின் இரைச்சலில் பேசுவது கேட்கவில்லை. ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரியே தாமரைக்கு இருந்தது. அப்போது முன்னால் போன ஹஃப்ஸா ஈரப்பாறையில் கால் வைத்து, சத்தமில்லாமல் காணாமல் போனாள்.

அவள் விழுந்தது அதிக ஆழமில்லை. ஆளுயரத்துக்குக் கீழே ஒரு தட்டைப் பாறையில், ஓடைக்குள் கிடந்தாள். அந்தப் பாறையின் விளிம்போடு மலை முடிந்தது. தண்ணீர் அங்கிருந்து வெறும் வெள்ளைக்குள் விழுந்தது. எவ்வளவு கீழே என்று தெரியவில்லை.

தாமரை இறங்கி அவளைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டாள். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பியிருந்த விதத்தை இரண்டாவது தடவை பார்க்கவில்லை. ஹஃப்ஸா முழுக்க நனைந்திருந்தாள். ஈரத்தைக் கழற்றி, தன் ஜாக்கெட்டை மாட்டி, படுக்கைக்குக் கொண்டுவந்த இரண்டு துணி உறைகளையும் சுற்றினாள். போனில் அவசர எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். எதுவும் போகவில்லை. விசில் கூட அவர்களிடம் இல்லை.

"ரெண்டு பேரும் இஞ்சயே இருந்துடுவோம்டி. யாராச்சும் தேடி வருவாங்க" என்றாள் ஹஃப்ஸா. உதடு நடுங்கியதில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது.

"யாரு வருவா? சோறு வேணாம்னு சொல்லிட்டியே."

சொன்ன பிறகு தாமரைக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஹஃப்ஸா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"புளிச்சோத்துக்கு ஆசப்பட்டு மவுத்தாப் போனான்னு ஊர்ல பேசுவாளுவ."

"வாய மூடு."

"அப்ப போ. இருட்டுறதுக்குள்ள போ. நான் போவச் சொல்றப்பவே போயிடு, அப்புறம் வுட மாட்டேன்."

தாமரை சம்படத்தில் மிச்சமிருந்த சோற்றை மூடியில் கொட்டி அவள் பக்கத்தில் வைத்தாள். காலியான சம்படத்தைக் கவிழ்த்து, ஒரு கல்லை அவள் கையில் கொடுத்தாள். "அடிச்சிகிட்டே இரு. தூங்கிடாத. நான் திரும்பி வர்றப்ப இந்தச் சத்தத்த வச்சுத்தான் வருவேன்."

ணங் என்றது. ஹஃப்ஸா தலையாட்டினாள். தாமரை ஏறத் தொடங்கினாள்.

இறங்கும்போது தண்ணீரைப் பிடித்து வந்தார்கள். ஏறும்போதும் தண்ணீரைப் பிடித்தே போனால் விட்ட இடத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தாள். நெடுங்காட்டில் அப்படித்தான். எந்த வயலில் நின்றாலும் தண்ணீருக்கு எதிராக நடந்தால் சின்ன வாய்க்கால், பெரிய வாய்க்கால், மதகு, ஆறு என்று ஒரே வழிதான். தடுமாற்றமெல்லாம் இறங்கும்போதுதான். காவிரி அங்கே வரும்போது பிரிந்து பிரிந்துதான் வரும். கடைமடைக்காரர்களுக்குப் பிரிகிற தண்ணீர் மட்டுமே தெரியும்.

இங்கே எல்லாம் தலைகீழ். இறங்கியபோது வந்து சேர்ந்துகொண்ட ஓடைகள் எல்லாம், இப்போது ஏறுகிறவளுக்கு முன்னால் பிரிந்து நின்றன. முதல் கவட்டையில் பெரிதாக ஓடியதைப் பிடித்து ஏறினாள். கையூன்றி, முழங்கால் சிராய்த்து, மூச்சு முட்ட ஏறிய பிறகு செங்குத்தான பாறைச் சுவர் வந்தது. அவர்கள் அப்படி ஒன்றைப் பார்க்கவே இல்லை. திரும்ப இறங்கினாள். கீழிருந்து ணங் சத்தம் கேட்கிறதா என்று நின்றாள். தண்ணீர் இரைச்சல்தான் கேட்டது.

அழுகை வந்தது. அழுதுகொண்டே கழுத்தில் சுற்றியிருந்த மஞ்சள் துப்பட்டாவைப் பல்லால் கடித்து நீளவாக்கில் கிழித்தாள். கவட்டையில் ஒரு கல்லில் கட்டினாள். மற்ற ஓடையில் ஏறினாள். அடுத்த கவட்டை. கட்டினாள். அதற்கடுத்தது. ஒரு தடவை மறுபடி தவறான பக்கம் போய், திரும்பி வந்து, துணியை மாற்றிக் கட்டினாள். துப்பட்டா கையகலமாகி, நாடாவாகி, தீர்ந்தது. ஓடைகள் மெலிந்து மெலிந்து வெறும் ஈரமானபோது, முகத்துக்கு நேரே ஒரு பாறையில் சிவப்பும் வெள்ளையும் தெரிந்தது.

பாதை. அதைப் பார்த்ததும் ஓடினாள். எந்த இடத்தில் ஏறி வந்தோம் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை வைக்கவும் தோன்றவில்லை.

அன்றிரவு தங்குவதாக இருந்த கல்வீட்டின் கதவைத் தள்ளியபோது உள்ளே மேசையில் தட்டுகள் வைத்திருந்தார்கள். அதை நடத்தியவள் முப்பது வயதுப் பெண். அடுப்பருகே நின்றவள் தாமரையின் முகத்தையும் கையில் இருந்த ரத்தத்தையும் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள். தாமரை உட்காரவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். தோழி, கால், அருவி, ஈரம்.

அந்தப் பெண் வயர்லெஸ்ஸில் வேகமாகப் பேசினாள். மேகத்தில் ஹெலிகாப்டர் வராது, பள்ளத்தாக்கிலிருந்து மீட்பு ஆட்கள் நடந்துதான் வர வேண்டும், நெடுநேரமாகும் என்றாள். சாப்பாட்டுக்குக் காத்திருந்த ஒருவர் மலையேற்றத்தில் பழகியவர். அவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். உறங்கும் பை, அடுப்பு, விளக்கு எல்லாம் நொடியில் மூட்டையாகின.

"நீ இங்கேயே இரு" என்றாள் அந்தப் பெண்.

"நான் வராம உங்களுக்கு எடம் தெரியாது" என்றாள் தாமரை. அது ஆங்கிலத்தில் வரவில்லை, தமிழில்தான் வந்தது. அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. ஒரு ஜாக்கெட்டை எடுத்து வீசினாள்.

பாதையில் திரும்பி நடந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. விளக்கொளியில் ஒரு ஈரத்தடம் பாதையைக் கடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு இன்னொன்று. எல்லாம் ஒரே மாதிரி பாசி, ஒரே மாதிரி கருங்கல்.

"எதில் ஏறி வந்தாய்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

தாமரை விளக்கை வாங்கி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். துணி கட்டியதெல்லாம் கீழே. மேலே இருந்து வருகிறவருக்குக் கவட்டைகளில் அடையாளமே தேவையில்லை. அவருக்குத் தேவை இங்கே, தொடக்கத்தில், ஒன்றே ஒன்று. அதைத்தான் அவள் விட்டிருந்தாள். ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியலையே. எனக்குத் தெரியலையே."

மற்ற இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்த மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆளுக்கு ஒரு ஓடையாகப் பிரிந்து தேடலாம் என்று சொல்லியிருக்க வேண்டும், கையை இரண்டு பக்கமும் நீட்டினார். பிரிந்த அந்தக் கைகளைப் பார்த்ததும் தாமரை எழுந்தாள்.

இறங்கியபோது எந்த ஓடையும் அவர்களைவிட்டுப் பிரிந்து போகவில்லையே. எல்லாம் வந்து சேர்ந்தவைதானே.

"ஏதாவது ஒண்ணு" என்றாள். அடுத்து ஆங்கிலத்தில் சொன்னாள். "எதில் வேண்டுமானாலும் இறங்கலாம். எல்லாம் அவளிடம்தான் போகும்."

அந்தப் பெண் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். மலையின் அந்தப் பக்கத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு தலையசைத்து, காலடியில் இருந்த ஈரத்தடத்திலேயே இறங்கினாள்.

முதல் மஞ்சள் துணியைக் கண்டபோது தாமரை கையால் காட்டினாள். கடைசித் துணியைத் தாண்டியதும் கத்தினாள். "ஹஃப்ஸா! அடிடி! அடி!" தண்ணீர் இரைச்சல். மறுபடி கத்தினாள். சம்படத்தின் சத்தம் வரவில்லை. அந்த மனிதர் கயிற்றைப் பாறையில் சுற்றிக் கட்டுவதற்குள் அவள் சறுக்கி இறங்கிவிட்டாள்.

ஹஃப்ஸா விட்ட இடத்திலேயே இருந்தாள். கண் திறந்திருந்தது. கல் கையிலிருந்து உருண்டு போயிருந்தது. ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்து விட்டிருந்தாள்.

"தாமர" என்றாள், தூக்கத்தில் பேசுவது போல. "குளுரு வுட்டுட்டுடி. கதகதன்னு இருக்கு. ஒன் ஜாக்கெட்ட எடுத்துக்க, எனக்கு வேணாம்."

தாமரை அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கயிற்றில் இறங்கிவந்த பெண், என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

"அவளுக்குக் குளிரவில்லையாம். இப்போது சூடாக இருக்கிறதாம்."

நல்ல செய்தியைச் சொல்கிறவளாக அதைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோனதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினாள். அந்தப் பெண் உடனே மண்டியிட்டாள். ஜிப்பை ஏற்றி, உறங்கும் பையை விரித்து, ஹஃப்ஸாவை மெல்ல, மிக மெல்ல அதற்குள் நகர்த்தினாள். தன் மேலுடையைத் திறந்து ஒரு பக்கம் படுத்துக்கொண்டு, மறுபக்கத்தைக் காட்டினாள். தாமரை அங்கே நுழைந்து தோழியைக் கட்டிக்கொண்டாள். ஈரச் சுவரைக் கட்டிக்கொண்டது போலிருந்தது. அந்த மனிதர் வயர்லெஸ்ஸில் இடத்தைச் சொன்னார். மீட்பு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஆனால் இன்னும் வெகு கீழே இருந்தார்கள்.

"பேசிக்கொண்டே இரு" என்றாள் அந்தப் பெண். "உங்கள் மொழியில். நிறுத்தாதே."

தாமரை அவள் காதருகே வாயை வைத்தாள். "டீக்கட வந்துட்டுடி" என்றாள். "எறங்கு. அரசலாத்துப் பாலத்துக்கிட்ட இருக்கே, அந்தக் கட. ரெண்டு போண்டா கேட்டியே. சொல்லிட்டேன். சூடா எடுக்குறாங்க. ஏய், கேக்குதா?"

 விளிம்புக்கு அப்பால் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. தாமரை நெடுநேரம் பேசினாள். கல்லூரி வாசல், மழைக்கு ஒதுங்கிய பஸ் ஸ்டாப், ஆபித்தைப் பெண் பார்க்க வந்தவன் என்று தெரியாமல் இருவரும் கிண்டல் செய்தது, எல்லாம் வரிசையில்லாமல் வந்தது. தொண்டை வறண்டபோது டீக்கடைக்கே திரும்பிப் போனாள்.

எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. கட்டியிருந்த உடம்புக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

"குளுருதுடி" என்றாள் ஹஃப்ஸா. குரல் அழுகையாக இருந்தது. "ரொம்பக் குளுருது."

"என்ன சொன்னாள்?"

தாமரை சொன்னாள். அந்தப் பெண் கண்ணை மூடி மூச்சை விட்டாள். "நல்லது. நடுங்கட்டும். நடுக்கம் நின்றுபோவதுதான் ஆபத்து."

ஹஃப்ஸாவின் பற்கள் கிடுகிடுவென்று ஒன்றோடொன்று மோதின. அந்தச் சத்தம் நிற்காமல் இருக்கிறதா என்று கேட்க, தாமரை தன் காதை அவள் தாடையோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.