கடலோரச் செடியும் ஸ்ரீபாலின் கடப்பாரையும்

1.
இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எனக்குப் படபடப்பு அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சொன்னவர் செஞ்சி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர். முடிவைச் சொல்லாமலே அவலூர்பேட்டையில் இறங்கிவிட்டார்.

முதல் தொடக்கம்: செஞ்சிக் கோட்டையின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த—

(வேண்டாம். கோட்டைக்கு இதில் வேலையே இல்லை.)

2.
கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தரும் அனந்தமதி, வெளியூர்ப் பயிற்சி முடிந்து வந்ததும் நேராக வீட்டுத் தோட்டத்துக்குப் போனாள். செடி இருந்த இடத்தில் குழி இருந்தது.

கடலோர மணலில் வளரும், அவரைக் குடும்பத்துப் புதர்ச்செடி அது.* மரக்காணம் பக்கம் அவள் பொறுக்கிய விதையில் முளைத்தது. அந்தக் கரையில் நின்றவை எல்லாம் பிறகு அழிந்துபோயின. அலையாய் அலைந்து தேடிவிட்டாள். மிஞ்சியது இது ஒன்றுதான். இந்த வருடம்தான் மஞ்சளாய்ப் பூத்திருந்தது. காய் முற்றினால் விதை கிடைக்கும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

* ஊரில் இதற்கு என்ன பெயர் என்று விசாரித்தேன். கடல் செடியைப் பற்றிச் செஞ்சியில் கேட்டால் யார் சொல்வார்கள்!

3.
"வந்த எடத்துலயே வுட்டுட்டேன் மதி," என்றான் கணவன் ஸ்ரீபால், முகமெல்லாம் சிரிப்பாக. "நீ போன மறுநாளே. கடலோரத்து உசுரு, இங்க இன்னாத்துக்குக் கெடந்து வாடணும்?"

(இப்படியும் ஒரு ஆளா என்று எனக்கே சந்தேகம். பிறகு புரிந்தது. அவர்கள் சமணர்கள். தண்ணீரை வடிகட்டிய துணியில் தங்கும் சிற்றுயிர்களை, இறைத்த கிணற்றிலேயே திரும்ப அலசி விடுவது அந்த வீட்டு வழக்கம். தினமும் அதைச் செய்பவன், செடிக்கும் அதையே செய்திருக்கிறான்.)

"வேரு?" அவள் குழிக்குள் குனிந்து பார்த்தாள்.

"ஆழமா எறங்கியிருந்துது. கடப்பாரையால நெம்பினேன். ஆணிவேரு மட்டும் பட்டுனு அறுந்துடுச்சு."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் எழுதும் கை நின்றுவிட்டது. அட பாவி மனுஷா!

4.
முடிவு ஒன்று: செடி துளிர்த்து— (பொய்.)

முடிவு இரண்டு: அவள் அவனை ஓங்கி— (அவள் அப்படிப்பட்டவள் அல்ல. அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.)

இருவரும் மரக்காணம் போனார்கள். செடி மணலில் துவண்டு கிடந்தது. பிஞ்சுகள் சுருங்கிவிட்டன. தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். துளிப் பச்சை இல்லை. ஸ்ரீபால் குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தான்.

"பொழச்சிக்கும் இல்ல, மதி?"

தெரியாமல் எறும்பை மிதித்தாலே அன்று அவனுக்குச் சோறு இறங்காது. உண்மையைச் சொன்னால், கடைசிச் செடியைக் கொன்றது தான்தான் என்று தெரிந்துகொள்வான். பொய் சொன்னால், நாளையும் குடத்தோடு இங்கே வந்து நிற்பான்.

இதுவரை எல்லோருக்காகவும் நானே பேசிவிட்டேன். இந்தப் பதிலை நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.