மாமன் துவைத்த கவுன்

எங்கள் அண்ணன் ஆறுச்சாமிக்குத் துணி எடுக்கத் தெரியாது. மாட்டுப்பட்டிப் பண்ணையில் கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, கல்யாணம் கட்டாத ஆள். அவருக்குத் தெரிந்த நிறம் இரண்டுதான்: அழுக்குத் தெரிவது, தெரியாதது.

அப்பேர்ப்பட்டவர்தான் என் மகள் நாச்சிக்குத் தாய்மாமன். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளை மாமன் மடியில், மாமன் எடுத்த துணியில்தான் உட்கார வேண்டும். அதற்கு முன் அந்தத் துணியைத் தாம்பாளத்தில் வைத்துச் சபையில் காட்டுவார்கள். எழுபத்து நாலாம் வருஷம் சித்திரையில் பெருமாட்டியில் எங்கள் வீட்டில் விசேஷம். புகுந்த வீட்டார் என் அண்ணனை இளக்காரமாக ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்று ஒரு மாதமாக எனக்கு அதே கவலை.

முந்தின நாளே வந்துவிட்டார். பையைத் திறந்து பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஞ்சி நிறத்தில் இரண்டு கவுன். லேஸ் இல்லை, பூ இல்லை. முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பொத்தான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். துணி துவைத்துத் துவைத்துத் தளர்ந்து கிடந்தது. யாரோ போட்டுக் கழித்ததை வாங்கி வந்துவிட்டாரா இந்த மனுஷன்?

"நல்லாருக்குதா அம்மிணி?" என்றார்.

"இருக்குதுங்ண்ணா" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த வருஷம் கோயமுத்தூரில் எங்கே பார்த்தாலும் நைலான் கவுன்தானாம். என் நாத்தனார் செல்லாத்தாள் நாச்சிக்கு ஒன்று வாங்கி வந்திருந்தாள். ரோஸ் நிறம், கழுத்தைச் சுற்றி மூன்று அடுக்கு லேஸ். அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன், இது மாமன் எடுத்ததாகவே இருக்கட்டும் என்று. நல்ல மனசுக்காரி, சரி என்றாள். அண்ணனின் கவுன்களை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

மறுநாள் சபையில் அண்ணன் தாம்பாளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். ஆசாரி இரண்டு காதிலும் தங்கக் கம்பி போட்டு முடித்தார். எல்லோரும் கவுனைத்தான் மெச்சினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உச்சி வெயிலில் நைலான் பிள்ளையின் உடம்போடு ஒட்டிக்கொண்டது. கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

"கழட்டும்மா, அரிக்குது" என்று அழுதாள்.

உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் தலைவழியே தூக்கினேன். லேஸ் வலது காதுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. நாச்சி வீறிட்டாள். ரத்தம் துளிர்த்தது. இன்னும் இழுத்தால் காது அறுந்துவிடும், விட்டால் துணியின் கனமே இழுக்கும்.

சத்தம் கேட்டு அண்ணன் ஓடிவந்தார். "ஆரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கத்தரியை வாங்கிக் கவுனைக் கீழிருந்து கழுத்துவரை வெட்டினார். லேஸின் நூல்களை ஒவ்வொன்றாக நறுக்கிக் காதை விடுவித்தார்.

"நான் கொண்டாந்தது எங்க அம்மிணி?"

மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கை இரண்டையும் நுழைத்து முன்னால் பொத்தான் போட்டார். காதுப் பக்கமே போகவில்லை. நாச்சி தேம்பலை நிறுத்தி அவர் தோளில் சாய்ந்தாள்.

"பண்ணையில கன்னுக்குக் காதுல நம்பர் குத்துவோம். ஒரு வாரத்துக்குத் தலைவழியாக் கவுறு போட உடமாட்டேன். அதான் முன்னால தொறக்கற மாதிரி தெய்க்கச் சொன்னேன். புதுத்துணி மொரமொரன்னு ஒரசுமேன்னு மூணு ஞாயித்துக்கெழம தொவச்சேன். ஒண்ணு அழுக்கானா மாத்திக்க இன்னொண்ணு இருக்குது."

அவர் என் மேல் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் அண்ணனை யாராவது இளக்காரம் பண்ணிவிடுவார்களோ என்று பயந்தேனே, அந்த வீட்டில் அதைப் பண்ணியது நான் ஒருத்திதான்.

அதே தாம்பாளத்தை எடுத்து மிச்சமிருந்த கவுனை அதில் வைத்தேன். பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவே கொண்டுபோய் நின்றேன்.

"மாமன் எடுத்த துணி இதுதானுங்க. காலைல காட்டுனது இல்லீங்க."

என் பெரிய மாமனார் ஈஸ்வரமூர்த்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என்னம்மா, பழசாட்ட இருக்குது?"

"ஆமாங்க மாமா" என்றேன். "எங்கண்ணன் தன் கையால மூணு வாரம் தொவச்சதுங்க."