என்ஜினுக்கு வெந்நீர்

மெய்யம்மை இரண்டாவது தவலை வெந்நீரையும் என்ஜின் மேல் கவிழ்த்தாள். ஆவி எழும்பிக் கார்க் கொட்டகையை மறைத்தது. பின் சீட்டில் அவள் கணவர் பெத்தாச்சி நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்திருந்தார். மார்கழி விடியல். காரைக்குடி ஆஸ்பத்திரி ஏழு மைல்.

"வேணாம் ஆச்சி. இது பழைய வண்டி மாதிரி இல்ல," என்றார் டிரைவர் ஹனிபா.

"பழைய வண்டிக்கு நீங்கதான ஊத்துவீக? சாவியத் திருப்புங்க."

பினாங்கிலிருந்து கப்பலில் வந்த ஜெர்மன் கார் அது. கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை ஊசி போடுவதுபோல் உள்ளே பீய்ச்சும். அதற்கு இருந்த திமிர் அந்த வீட்டு மாப்பிள்ளைகளுக்குக்கூடக் கிடையாது. ஹனிபா திருப்பத் திருப்ப முனகியது, நின்றது. எட்டாவது தடவை பேட்டரியும் படுத்துவிட்டது. அவர் ஓடிப்போய் மாட்டுவண்டி பிடித்து வருவதற்குள் பெத்தாச்சி மனைவியின் மடியிலேயே போய்விட்டார்.

மகன் சோமு தேவகோட்டையிலிருந்து வந்து கொள்ளி வைத்தான். குளித்த ஈரத் தலையோடு நேரே கொட்டகைக்குப் போனான். மெக்கானிக் சோணைமுத்துவை வரச் சொல்லியிருந்தான். கார் ஏன் கிளம்பவில்லை என்று தெரியாமல் அவனால் உட்கார முடியவில்லை. மெய்யம்மை பின்கட்டுக் கதவோரம் நின்றாள்.

"யாரோ சுடுதண்ணி ஊத்திருக்காக," என்றார் சோணைமுத்து. "குளிர்ல கெளம்பக் கூடுதல் பெட்ரோல் வேணும். சூடு பாத்து அத விடுறதுக்கு ஒரு சின்ன சாமான் இருக்கு. தண்ணி பட்டதும், என்ஜின் சூடாத்தான் இருக்குன்னு அது பெட்ரோல நிப்பாட்டிருச்சு. சும்மா விட்டிருந்தா மூணாந் தடவையில எடுத்திருக்கும்."

"யாரு ஊத்துனது?"

மெய்யம்மையின் வாய் திறந்தது.

"நாந்தான் தம்பி," என்றார் ஹனிபா. "பழைய நெனப்புல ஊத்திட்டேன்."

சோமு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினான். ஹனிபா சாவியை அதில் வைத்தார்.

"இனிமே வர வேணாம்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. சொன்னபின் மகன் முகத்தில் எப்படி விழிப்பது? பயமாக இருந்தது. அந்தப் பயம் அவளுக்கே அருவருப்பாகவும் இருந்தது.

"ஹனிபா," என்றாள்.

அவர் திரும்பினார். சோமுவும் திரும்பினான்.

"வெயிலா இருக்கு. பாத்துப் போங்க."

"சரி ஆச்சி."

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, இருபது வருஷம் வண்டி ஓட்டிய ரோட்டில், வருகிற போகிற வண்டிகளுக்கு வழிவிட்டு ஓரமாக நடந்துபோனார்.